தனியாகவா, தோழியுடனா

1

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கிற எங்கள் சின்ன ஊருக்கு நான் வந்து பதினாறு வருஷமாகிறது. இங்கே வகுப்பில் பதில் சொல்ல யாரும் எழுந்து நிற்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார்கள். எனக்கு அது இன்னும் வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மாலை நார்வேஜிய மொழி வகுப்புக்குப் போகிறேன். ஆசிரியையின் பெயர் ஆன்னெ. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளை நான் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறேன். இப்போது அது வகுப்பு முழுக்கத் தொற்றிவிட்டது. பக்கத்தில் உட்காரும் போலந்துக்காரர்கூட, மீசையைத் தடவிக்கொண்டு, ‘டீச்சர்’ என்கிறார்.

பதினாறு வருஷமாக இருந்துகொண்டு இன்னும் மொழி வகுப்பா என்று நீங்கள் கேட்பீர்கள். என் மகள் நிலாவும் அதைத்தான் கேட்கிறாள். நான் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். குழந்தைகளுக்கு மழைச்சட்டை மாட்டிவிடுவது, கழற்றுவது, மறுபடி மாட்டுவது. இங்கே மழை அப்படி. வேலை தற்காலிகம். நிரந்தரமாக்க வேண்டுமானால் மொழித் தேர்வில் நான்கு பிரிவிலும் தேற வேண்டும் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். வாசிப்பு, எழுத்து, கேட்பது மூன்றிலும் தேறிவிட்டேன். பேச்சு மட்டும் இரண்டு முறை போய்விட்டது.

பேச்சுத் தேர்வு என்றால் அதிகாரி கேள்வி கேட்க நாம் பதில் சொல்வது என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இல்லை. தேர்வு எழுத வந்தவர்களில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைக்கிறார்கள். ஒரு விஷயத்தைக் கொடுத்து, பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். என் எதிரே எரித்ரியாவிலிருந்து வந்த ஒரு பெண். நான் வீட்டில் உருப்போட்டு வைத்திருந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். நிறுத்தினால் மறந்துவிடும் என்ற பயத்தில் அவள் வாய் திறக்க இடமே கொடுக்கவில்லை. அவள் இரண்டு முறை கையை உயர்த்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பிறகு ஒரு வாக்கியத்தின் நடுவில் எனக்குப் பின்பாதி நழுவியது. அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் காத்திருப்பதில் கெட்டிக்காரர்கள். மூன்று வாரம் கழித்து, தேறவில்லை என்று கணினிக்குக் கடிதம் வந்தது. இரண்டாவது முறையும் இதே கதைதான், எதிரே இருந்த ஆள் மட்டும் வேறு.

போன வாரம் ஆன்னெ எங்களுக்கு ஒரு தாள் கொடுத்தாள். நீங்கள் எப்படிக் கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று பன்னிரண்டு கேள்விகள். பார்த்துப் படிப்பது பிடிக்குமா, கேட்டுப் படிப்பதா. எழுதிப் பார்ப்பதா, செய்து பார்ப்பதா. சரி, தவறு எதுவும் இல்லை, மனதில் பட்டதைக் குறியுங்கள் என்றாள். ஆறு கேள்வி வரை குறித்துவிட்டேன். ஏழாவது கேள்வி: தனியாகவா, இன்னொருவருடன் சேர்ந்தா.

பேனா நின்றுவிட்டது. என்னையறியாமல் என் கண் பக்கத்துத் தாளுக்குப் போனது. நாற்பத்திரண்டு வயதில் நான், பேத்தி எடுத்த ஒரு போலந்துக்காரரின் தாளை எட்டிப் பார்க்கிறேன். அவர் எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து, தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நல்ல மனுஷன். நான் வெட்கப்பட்டு என் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் நிரப்பிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இதே கேள்வியை இதற்கு முன்னால் ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம், பாளையங்கோட்டையில்.

2

நான் படித்தது பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில், தமிழ் வழியில். வீடு திருநெல்வேலி டவுணில். அப்பாவுக்குத் தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. பத்தாம் வகுப்பில் நாங்கள் நாற்பத்தெட்டு பேர். நாற்பத்தெட்டு பேருக்கும் பயம் ஒன்றே ஒன்றுதான், இங்கிலீஷ். கணக்கில் பயப்படுகிறவள்கூட, கணக்கையாவது தமிழில் கேட்கிறார்களே என்பாள்.

யாருக்கும் அந்த மொழி எங்கேயும் காதில் விழுந்ததில்லை. பஸ்ஸில் இல்லை, கடையில் இல்லை, வீட்டில் இல்லை. புத்தகத்தில் மட்டும் இருந்தது. அதனால் ஆளுக்கொரு வழி வைத்திருந்தோம். வகுப்பில் முதல் மார்க் எடுக்கும் ஜெயந்தி, ஒவ்வொரு பதிலையும் பழைய நோட்டின் மிச்சப் பக்கங்களில் பத்துத் தடவை எழுதுவாள். முத்துலட்சுமி விடியற்காலையில் மொட்டை மாடியில் நடந்துகொண்டே கத்திப் படிப்பாள். நடை நின்றால் படிப்பும் நின்றுவிடும். பரீட்சை ஹாலில் பாவம், பெஞ்சுக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். கடைசி பெஞ்சில் மூன்று பேர் இங்கிலீஷ் வரிக்கு மேலே அதே உச்சரிப்பைப் பென்சிலால் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இன்னொருத்தி விரலால் தொடையில் எழுதிக்கொண்டே இருப்பாள்.

இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பதில் எழுதினால் போதும்.

என் மகள் இங்கே ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்கும் ஆங்கிலம் அந்நிய மொழிதான். எப்படிப் படித்தாய் என்று கேட்டால், படிக்கவே இல்லை, வந்துவிட்டது என்கிறாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளோடு கணினியில் விளையாடி வந்த ஆங்கிலம் அது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் யாழ்ப்பாணத் தமிழ் படிக்கிறாள். வீட்டில் என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறாள். பெரும்பாலும் நார்வேஜிய மொழியில்தான் பதில் வரும், அதுவும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. பொறாமையாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

3

என் வழி சகாயமேரி.

சகாயத்துக்குச் சொந்த ஊர் உவரி. அப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போகிறவர். படிக்கட்டும் என்று எட்டாம் வகுப்பிலேயே அவளை வண்ணாரப்பேட்டையில் இருந்த சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பத்தாவது தேறினால் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்த்துவிடுவதாகச் சித்தி வாக்குக் கொடுத்திருந்தாள். தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். இதை அவள் எல்லோரிடமும் சொல்வாள், கவலையே இல்லாத மாதிரி.

அவளுக்கு இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் படிக்க வராது. ஒரு வரியைத் தாண்டுவதற்குள் பீரியட் முடிந்துவிடும். ஆனால் ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் போதும், போகாது. இரண்டு நாள் கழித்துக் கேட்டாலும், வாசித்தவள் எந்த இடத்தில் எச்சில் விழுங்கினாள் என்பது உட்பட அப்படியே சொல்லுவாள். எனக்கு நேர் எதிர். வாசிப்பேன், எழுதுவேன், எந்தப் பதிலையும் ஜோராக ஆரம்பிப்பேன். பாதியில் நின்றுவிடும். முன்பாதி எனக்கு நிற்கும், பின்பாதி நழுவும்.

ஒருநாள் அவள்தான் சொன்னாள், “ஏட்டி காந்தி, ஜெபமாலை சொல்லுத மாதிரி சொல்லுவோம்.” என் முழுப் பெயர் காந்திமதி. இங்கே வேலை செய்யும் இடத்தில் மதி. காந்தி என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

அவள் ஊரில் மாலையானால் வீட்டுக்கு வீடு ஜெபமாலை சொல்வார்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து பின்பாதியைச் சொல்லி முடிப்பார்கள். யாரும் புத்தகம் பார்ப்பதில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு வந்தது. அதே மாதிரி நாங்கள் இங்கிலீஷை எடுத்துக்கொண்டோம். நான் புத்தகத்தைப் பார்த்து முழு வரியையும் மூன்று தடவை வாசிப்பேன். நான்காவது தடவை பாதியில் நிறுத்துவேன். அவள் முடிப்பாள். பிறகு அவள் ஆரம்பிக்க, நான் முடிப்பேன். கடினமான சொற்களின் எழுத்துகளையும் அப்படியே இரண்டாகப் பிரித்துச் சொல்லிக்கொள்வோம்.

பள்ளி விட்டதும் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடுவோம். சித்தி துணி துவைப்பாள். நாங்கள் மேல் படியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்போம். ஆறு மணிக்கு எனக்கு டவுண் பஸ். வீட்டிலும் அதே ராகம் என் வாயில் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “என்னட்டி, வேதத்துல சேந்துட்டியா?” என்று கேட்டாள். எங்கள் பக்கம் வேதம் என்றால் கிறிஸ்தவம். இல்லம்மா, இங்கிலீஷ் என்றேன். அவள் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காந்திமதி அம்மன் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வைத்தாள்.

அரைப்பரீட்சையில் வினை வந்தது. ஒரு கட்டுரைக்கு ஐந்து பத்தி. மூன்றாவது பத்தியை நாங்கள் ஆற்றங்கரையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, சித்தியின் சேலை ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. மூவரும் ஓடி அதைப் பிடித்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் ஆரம்பிப்பதாக நினைத்து நான்காவது பத்தியில் ஆரம்பித்துவிட்டோம். பரீட்சையில் இரண்டு பேர் தாளிலும் மூன்றாவது பத்தி இல்லை. இங்கிலீஷ் டீச்சருக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. ஒருத்தி தாளைப் பார்த்து ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்று முடிவு செய்து, இருவரையும் ஒரு பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். சேலைக் கதையைச் சொன்னால் நம்புவாரா? நாங்கள் சொல்லவே இல்லை. சகாயம் வெளியே நின்றுகொண்டு அந்த மூன்றாவது பத்தியை முணுமுணுத்தாள். எனக்கு அழுகையாக வந்தது. நான் அதுவரை எந்த வகுப்புக்கும் வெளியே நின்றதில்லை.

4

ஜனவரியில் விஜிலா டீச்சர் வந்தார். பி.எட். படிக்கிறவர், கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூட. சேலை கட்டிப் பழக்கமில்லாமல் கொசுவத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார். நிஜமாகவே எங்கள்மேல் அக்கறை உள்ளவர், அதை இப்போது சொல்ல முடிகிறது.

அவர்தான் சைக்ளோஸ்டைல் செய்த அந்தத் தாளைக் கொண்டுவந்தார். ஆங்கிலம் படிக்க உனக்கு எந்த முறை பிடிக்கும் என்று தமிழில் கேள்விகள். இது பரீட்சை இல்லை, சரி தவறு கிடையாது, உங்கள் மனதில் இருப்பதை டிக் செய்யுங்கள் என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவை சொன்னதால்தான் எங்களுக்குச் சந்தேகமே வந்தது. தாளைக் கொடுத்து, பெயர் எழுதச் சொல்லி, திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், அதில் சரியான பதில் இல்லாமல் இருக்குமா? விஜிலா டீச்சர் ஜன்னல் பக்கம் போனதும் ஜெயந்தியின் பதில்கள் முதல் பெஞ்சிலிருந்து கிளம்பின. எழுதிப் பார்த்து, எழுதிப் பார்த்து, தனியாக, அமைதியாக. ஐந்தே நிமிஷத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. நடந்தால்தான் படிப்பு வரும் முத்துலட்சுமி, ‘ஓரிடத்தில் அமர்ந்து’ என்று டிக் செய்தாள்.

எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது நான் ஏழாவது கேள்வியில் இருந்தேன். தனியாகவா, தோழியுடன் சேர்ந்தா. அரைப்பரீட்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தோழியுடன் என்று டிக் செய்தால், ஆமாம், பார்த்துத்தான் எழுதினோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக ஆகிவிடும் என்று பட்டது. ‘தனியாக’ என்று குறித்துவிட்டு இடது கையால் தாளை மறைத்துக்கொண்டேன்.

“ஏட்டி, ஏழாவதுக்கு எதுல போட்டே?” என்று சகாயம் கேட்டாள். எனக்குக் கேட்காத மாதிரி இருந்தேன்.

அடுத்த வாரம் விஜிலா டீச்சர் தாள்களோடு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. நாற்பத்தெட்டில் நாற்பத்தேழு பேர் ஒரே மாதிரி சொல்லியிருப்பதாகவும், தலைமை ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, பரீட்சை வரை பத்தாம் வகுப்புக்குத் தினமும் மாலை ஆறு மணி வரை மௌன வாசிப்பு வகுப்பு வைக்கச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். ஆளுக்கொரு இடம் தள்ளி உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஜெயந்தியைத் தவிர எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாங்களே நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம், யாரிடம் போய் முறையிட?

பிறகு அவர் ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்தார். சகாயமேரி மட்டும் தோழியுடன் சேர்ந்து என்று குறித்திருக்கிறாள், பக்கத்தில் காந்திமதி என்று பெயரும் எழுதியிருக்கிறாள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் ஒரே ஒருத்தி இருந்தால்கூடப் போதும், உங்கள் இரண்டு பேரையும் வேப்பமரத்தடியில் சத்தமாகப் படிக்க விடச் சொல்லி நானே அனுமதி வாங்கித் தருகிறேன் என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“காந்திமதி, நீ தனியான்னு போட்டிருக்கியேம்மா. எது சரி?”

நான் எழுந்து நின்றேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசலில் இங்கிலீஷ் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

“நான் தனியாத்தான் படிப்பேன் டீச்சர்.”

உட்கார்ந்தபோது சகாயம் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவளால் படிக்க முடியாத அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஏழு வாரம். தினமும் ஆறு மணி வரை அந்த ஹாலில் மௌனமாக உட்கார்ந்திருந்தோம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு இரண்டு வரிசை முன்னால் சகாயத்தின் முதுகு தெரியும். பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமையாவது ஆற்றுக்கு வரியா என்று அவளும் கேட்கவில்லை, வா என்று நானும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். நான் எழுதிப் பார்த்து எழுதிப் பார்த்து எப்படியோ ஒப்பேற்றினேன்.

ரிசல்ட் வந்த அன்று அப்பா கடையிலிருந்து பேப்பரோடு வந்தார். என் எண் இருந்தது. அதற்கு இரண்டு எண் தள்ளி அவளுடையது இருக்க வேண்டும். இல்லை. மற்றப் பாடங்களில் நன்றாகவே எடுத்திருந்தாள், இங்கிலீஷ் மட்டும்தான் போனது என்று பிறகு தெரிந்தது. நாலு நாள் யோசித்துவிட்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். சித்தி படித்துறையில் இருந்தாள்.

“அவ ஊருக்குப் போயிட்டாம்மா. அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்,” என்று சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, “நீ பாஸாயிட்டேல்லா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். நல்லாயிரு என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள்.

5

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். நிலா தண்ணீர் குடிக்க வந்தவள் எடுத்துப் பார்த்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, தனியாக என்று போடு, எல்லோரும் அப்படித்தானே படிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். கதவு சாத்தப்பட்டது.  இந்த வீட்டில் யாருக்கும் யாருடைய பின்பாதியும் தேவைப்படுவதில்லை. என் கணவர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை முடிந்து வந்து செய்தி பார்ப்பார். நான் சமையலறையில் நடந்துகொண்டே நார்வேஜிய வாக்கியங்களை முணுமுணுப்பேன். பாதியில் நிற்கும்போது யாரும் முடித்து வைப்பதில்லை. இத்தனை வருஷத்தில் நான் எதற்காகவும் இவ்வளவு ஏங்கியதில்லை. அல்வாவுக்கு இல்லை, ஆற்றுக்குக்கூட இல்லை. அந்தப் படியில் என் வாக்கியத்தை முடித்து வைத்த குரலுக்காகத்தான்.

போன வருஷம் ஜெயந்தி எங்கள் பத்தாம் வகுப்புக்காரிகளைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்திருந்தாள். அதில் சகாயமும் இருக்கிறாள். உவரிக் கரையில் மீன் ஏலம் எடுத்துத் திசையன்விளைச் சந்தைக்கு வண்டியில் ஏற்றி அனுப்புகிறாள். மலையாள வியாபாரிகளோடு மலையாளம், வடக்கே ஏற்றுமதி செய்கிறவர்களோடு இந்தி, எல்லாம் கேட்டுக் கேட்டே வந்தது. அவள் ஒரு நாளும் குழுவில் எழுதியதில்லை. குரல் பதிவுதான். பின்னால் எப்போதும் அலைச் சத்தம் இருக்கும். எல்லோருக்கும் பொதுவாக அவள் அனுப்பிய பதிவுகளை நான் துறைமுகப் பக்கம் நடக்கும்போது கேட்பேன். எங்கள் ஊரிலும் மீன் வாசம்தான், அலைதான். எனக்கென்று தனியாக அவளும் அனுப்பியதில்லை, நானும் அனுப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உவரிக்காரர்கள் கடலுக்குப் போவதில்லை. அன்று பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். நலம் விசாரிப்பதெல்லாம் முடிந்து பேச்சு தீர்ந்துபோகும் இடம் வந்தது.

“சகாயம், விஜிலா டீச்சர் ஒரு தாள் குடுத்தாங்கல்லா. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு,” என்றாள். 

“நான் அன்னைக்குப் பொய் சொன்னேன். ஆமான்னு சொல்லியிருந்தா நீ பாஸாயிருப்ப.”

“பாஸாயிருப்பேன்தான்.” ஆறுதலுக்காக மறுக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, வலிக்கவும் செய்தது. “ரொம்ப நாளு மனசு ஆறலட்டி. ஊருக்கு வந்து வலைக்குள்ள கெடந்த மீனைப் பொறுக்கும்போதெல்லாம் உன்னைய ஏசுவேன். பொறவு ஒருநாளு நெனச்சுப் பாத்தேன். ஏற்கனவே ஒருக்கா ரெண்டு பேரும் வெளிய நின்னோம். நீ அழுத. அது தெரிஞ்சும் உன்னையக் கேக்காம உன் பேரை எழுதுனேன்லா? நானும்தான் உன்னைய மாட்டிவிட்டேன். அதைச் சொல்லணும்னு இருந்தேன், நீ அதுக்குள்ள எங்கயோ போயிட்ட.”

 இருபத்தாறு வருஷமாக ஒரே தாளுக்காக இரண்டு பேரும் இரண்டு கடற்கரையில் உட்கார்ந்து குற்றத்தைச் சுமந்திருக்கிறோம். அவள் சுமந்ததற்கு அவசியமே இல்லை. அதைச் சொன்னேன். சரி விடு என்றாள். பிறகு, உனக்கு ஏதோ பரீட்சை என்று ஜெயந்தி சொன்னாளே, அது என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், எரித்ரியப் பெண் கையை உயர்த்தியது உட்பட.

“உனக்கு எப்பவுமே கேக்கத் தெரியாதுட்டி. முன்பாதிய வாங்கிட்டு ஓடுவ. எதுர இருக்கறவ சொல்லி முடிக்கட்டும்னு விடு.” பிறகு சொன்னாள், “எங்க, அந்தப் பாஷையைச் சொல்லு. கேப்போம்.”

நான் ஏன் இந்த ஊருக்கு வந்தேன், என்ன வேலை செய்கிறேன் என்பதை நான்கு வாக்கியமாக எழுதி வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தை மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை பாதியில் நிறுத்தினேன்.

பின்பாதி உவரியிலிருந்து வந்தது. நான் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி, ஒரு சொல் குறையாமல். அர்த்தம் அவளுக்குத் தெரியாது. அர்த்தம் கேட்கவும் இல்லை. அடுத்தது என்றாள்.

மூன்றாவது வாக்கியத்தில் நிலாவின் அறைக்கதவு திறந்தது. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்து நின்றாள்.

“அம்மா, யாரு அது?” என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

என் கூடப் படித்தவள் என்றேன். அந்த ஆன்ட்டி நார்வேயில் எங்கே இருக்கிறார் என்றாள். உவரி என்றேன். அவள் சிரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு வாக்கியமும் முடியும் வரை எழுந்து போகவில்லை.

6

செவ்வாய்க்கிழமை தாளை ஆன்னெயிடம் கொடுத்தேன். ஏழாவது கேள்வியில் ‘சேர்ந்து’ என்று குறித்து, பக்கத்தில் ஓரத்தில் தமிழில் ஒரு பெயர் எழுதியிருந்தேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று என் இடத்துக்கு வந்து கேட்டாள். ஒரு பெயர் என்றேன். நம் வகுப்பில் இருக்கிறவரா என்று கேட்டாள். போலந்துக்காரர் திரும்பிப் பார்த்தார். வகுப்பில் எல்லோரும் பார்த்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே சொல்லலாம் என்று ஆன்னெ கையால் காட்டினாள். நான் உட்காரவில்லை.

“இல்லை டீச்சர், என் பழைய வகுப்பில் இருந்தவள்,” என்று நார்வேஜிய மொழியில் சொன்னேன். “நான் அவளோடு சேர்ந்துதான் படிப்பேன்.”

வாக்கியம் பாதியில் நிற்கவில்லை.